பிரதி மத்யமமும் "சாத்தானின் இடைவெளியும்" ஒன்றுதான் என்றால் கல்யாணி ஏன் இனிக்கிறது?

மந்தரஸ்தாயி கேட்டது:

வணக்கம். சிறு வயதிலிருந்து வாய்ப்பாட்டு கற்றவன் நான். அண்மைக் காலமாகக் கீபோர்டும் அதனுடன் மேற்கத்திய இசைக் கோட்பாடும் படித்துவருகிறேன். அந்தப் பாடத்தில் டிரைடோன் என்னும் இடைவெளி வந்தது. ஒரு சுரத்திலிருந்து ஆறு அரைத்தொனிகள் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையிலான தூரம் ஓர் அரைத்தொனி) தள்ளி நிற்கும் சுரத்துடன் அது கொள்ளும் உறவுக்கு அந்தப் பெயர்: சி-க்கு எஃப் ஷார்ப், எஃப்-க்கு பி. ஐரோப்பியர்கள் இதை "இசையில் சாத்தான்" என்று அழைத்தார்கள் என்றும், இடைக்காலத்தில் திருச்சபை இதைத் தடைசெய்திருந்தது என்றும், இன்றும் பேய்ப்படங்களின் பின்னணி இசை இதை நம்பியே இருக்கிறது என்றும் பாடக்குறிப்பு சொல்கிறது.

வாசித்துப் பார்த்தால் அது நமக்கு நன்கு பழகிய ச–ம2, அதாவது சட்ஜம்–பிரதி மத்யமம் தான் (எண்கள் ஒரே சுரத்தின் தாழ்ந்த, உயர்ந்த வகைகளைக் குறிப்பவை). ஏழு சுரத் தாய் இராகங்களான 72 மேளகர்த்தாக்களில் 37 முதல் 72 வரையிலான பாதி முழுவதும் பிரதி மத்யம மேளங்கள். கல்யாணியைக் கேட்டு அஞ்சியவர் எவரையும் நான் அறியேன். மங்கல நிகழ்ச்சிகளில் நாகசுரக் கலைஞர்கள் விரும்பி வாசிக்கும் இராகம் அது. ஒரே தூரத்தில் உள்ள இரண்டு சுரங்கள் ஓரிடத்தில் மங்கலமாகவும் மற்றோரிடத்தில் அச்சமாகவும் ஒலிப்பதற்குப் பழக்கம் மட்டுமே காரணமா, அல்லது இசையின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறதா? தடை பற்றிய கதை எந்த அளவுக்கு உண்மை? அச்சமூட்டுவதைத் தவிர இந்த இடைவெளிக்கு மேற்கத்திய இசையில் வேறு என்ன வேலை இருக்கிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

பழக்கத்துக்குப் பங்கு உண்டு; ஆனால் அமைப்பில்தான் பெரிய காரணம் இருக்கிறது என்பது என் கருத்து. முதலில் ஒலியை மட்டும் பார்ப்போம். ஆதார சட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் பஞ்சமம் 3:2 விகிதத்தில் 360 ஆகிறது. ஒவ்வொரு சுரத்துடனும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் மேற்சுரங்களும் மெல்ல ஒலிக்கும். பஞ்சமத்தின் இரண்டாம் மேற்சுரமும் சட்ஜத்தின் மூன்றாம் மேற்சுரமும் 720 என்ற ஒரே இடத்தில் விழுவதால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. பிரதி மத்யமத்தை 45:32 என்று கொண்டால் அது 337.5, அதன் இரண்டாம் மேற்சுரம் 675இல் விழுந்து, சட்ஜத்தின் 720ஐ நெருங்கியும் சேராமல் உரசுகிறது. கீபோர்டில் இந்த இடைவெளி சரியாக இரண்டின் வர்க்கமூலம், அதாவது ஸ்தாயியின் (சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரையிலான தூரத்தின்) நடுப்புள்ளி. அங்கும் இதே உரசல்தான். ஆகவே கரடுமுரடு என்பது கற்பனை அன்று, காதுக்குள்ளேயே நிகழ்வது.

ஆனால் நம்முடைய கச்சேரியில் பிரதி மத்யமம் சட்ஜத்துடன் மட்டும் தனியாக நிற்பதில்லை. தம்புராவில் பஞ்சமத் தந்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பிரதி மத்யமமோ அந்தப் பஞ்சமத்துக்கு அரைத்தொனி கீழே நிற்கிறது. பாடகர் ம2இல் எவ்வளவு நேரம் நின்றாலும் அது சாய வேண்டிய இடம் பின்னணியில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டே இருப்பதால், அந்த உரசல் கேள்வியாக நீளாமல் ஒரு நிறமாகத் தங்கிவிடுகிறது. கல்யாணி ஆலாபனையில் சட்ஜ பஞ்சமங்களைத் தவிர்த்து, நி ரி க ம த நி என்று நீண்ட நேரம் உலவுவது வழக்கம். அந்த உலாவலின் அழகில் பெரும்பங்கு, பாடகர் தொடாமல் விட்ட இரண்டு சுரங்களையும் தம்புரா விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதிலிருந்து வருகிறது.

இதற்கு மறுபக்கச் சோதனையும் இருக்கிறது. இந்துஸ்தானி இசையின் மார்வாவில் பஞ்சமமே கிடையாது. அதற்குத் தம்புராவின் பஞ்சமத் தந்தியையும் பெரும்பாலும் நிஷாதத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். சாயும் இடம் பறிக்கப்பட்டவுடன் தீவிர மத்யமம் (பிரதி மத்யமத்துக்கு அங்குள்ள பெயர்) எவ்வளவு நிம்மதியற்றதாக ஒலிக்கிறது என்பதை அந்த அந்திநேர இராகத்தைக் கேட்டால் உடனே உணரலாம். ஏறக்குறைய அதே சுரங்களைக் கொண்ட நம் ஹம்சாநந்தியைப் பஞ்சமம் ஒலிக்கும் தம்புராவோடு பாடும்போது அந்தத் தவிப்பு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணியிலும் சுபபந்துவராளியிலும் ச–ம2 ஒன்றே. முன்னது மங்கலம், பின்னது சோகத்துக்கே ஒதுக்கிவைக்கப்பட்டது போன்ற இராகம். சுபபந்துவராளியில் ரி1, க2, த1 ஆகியவை ம2ஐச் சூழ்ந்து நிற்பதும், க2க்கும் ம2க்கும் நடுவில் விழும் அகன்ற இடைவெளியும் அந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே ஓர் இடைவெளியைத் தனியாக எடுத்து, இது நல்லது, இது கெட்டது என்று பெயரிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மேலும், நம் பிரதி மத்யமம் கீபோர்டின் நடுப்புள்ளியில் கட்டிப்போட்ட சுரமும் அன்று. வராளியின் மத்யமம் பஞ்சமத்தை முட்டும் அளவுக்கு உயர்ந்து ஒலிக்கும் என்பதை அந்த இராகத்தைப் பாடியவர்கள் அறிவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் 72 மேளத் திட்டத்தை வகுத்த வேங்கடமகி இந்த மத்யமத்துக்கு வராளி மத்யமம் என்றே பெயரிட்டார்.

எதிர்ச்சுரம் எழுதியது:

மேலே நண்பர் எழுதியது பெரும்பாலும் சரி. நான் மேற்கத்தியப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன்.

தடை என்ற கதைக்கு ஆதாரமில்லை. இந்த இடைவெளியை வாசித்ததற்காகத் திருச்சபை யாரையும் தண்டித்ததாக ஆவணம் எதுவும் கிடையாது. இருந்தது இசையாசிரியர்களின் விலக்கு விதி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த முசிகா என்கிரியாதிஸ் என்ற இலத்தீன் நூல் இரண்டு குரல்கள் நான்காம் சுர இடைவெளியில் இணையாகச் செல்லும் பாடுமுறையை விவரிக்கிறது. அப்படிச் செல்லும்போது சில இடங்களில் நான்காம் சுரம் டிரைடோனாக மாறிவிடும். அங்கே கீழ்க்குரல் நகராமல் நின்றுவிட வேண்டும் என்பது அதன் வழிமுறை. பதினோராம் நூற்றாண்டில் குய்தோ தெ அரெஸ்ஸோவின் வழியில் வந்த ஆறு சுரப் பாடமுறையில், எஃப் சுரத்துக்கு ஃபா என்றும் பி சுரத்துக்கு மி என்றும் பெயர் அமைந்தது. இந்த இரண்டையும் எதிரெதிரே வைக்காதே என்பதே மாணவருக்குச் சொல்லப்பட்ட விதி. பாடும்போது பி-யை அரைத்தொனி இறக்கிக்கொள்வது அதற்கான தீர்வு. சாத்தான் என்ற பட்டம் அச்சில் வருவதெல்லாம் மிகப் பிற்காலம். யோகான் யோசப் ஃபுக்ஸ் 1725இல் வெளியிட்ட கிராதுஸ் அத் பர்னாஸ்ஸும் என்ற எதிர்ச்சுரப் பாடநூலில் அது பழமொழி போலக் குறிப்பிடப்படுகிறது. அந்தக் காலத்திலோ டிரைடோன் இல்லாத பக்கத்தையே ஐரோப்பிய இசையில் காண முடியாது.

ஏனெனில், இந்த இடைவெளி இல்லாமல் மேற்கத்திய இசையின் அடிப்படை நகர்வே நடக்காது. சி மேஜரில், அதாவது சங்கராபரணத்தில், ஜி செவன்த் என்ற கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் தொகுதி) ப, நி3, ரி2, ம1 என்ற நான்கு சுரங்களால் ஆனது. அதற்குள் இருக்கும் ம1–நி3 ஒரு டிரைடோன். நி3 அரைத்தொனி ஏறிச் சட்ஜத்தையும், ம1 அரைத்தொனி இறங்கி அந்தர காந்தாரத்தையும் (க3) அடையும்போது கார்டு தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று காது ஒப்புக்கொள்கிறது. பாக் முதல் இன்றைய திரைப்பாடல்கள் வரை, ஒரு வரி முடிந்தது என்ற உணர்வைப் பெரும்பாலும் இந்த இரண்டு அரைத்தொனி நகர்வுகளே தருகின்றன. கேள்வி கேட்ட நண்பர் கீபோர்டில் நூறு முறையாவது இதை வாசித்திருப்பார்.

நம் தம்புராவில் விடை எப்போதும் கூடவே ஒலிக்கிறது என்று மேலே சொன்னார்கள் அல்லவா? கார்டு இசையில் விடை அடுத்த கார்டில்தான் வரும். அதைத் தள்ளிப்போடுவது இசையமைப்பாளரின் கையில் இருக்கிறது. தள்ளிப்போடப் போடத் தவிப்பு கூடுகிறது. விடையைத் தராமலே விட்டுவிட்டால் அதுவே அச்சமாகிறது. பீத்தோவன் தமது ஃபிடேலியோ இசைநாடகத்தின் இரண்டாம் அங்கத்தைச் சிறையின் பாதாள அறையில் தொடங்குகிறார். வழக்கமாகச் சட்ஜ பஞ்சம உறவில் சுருதி கூட்டப்படும் இரண்டு டிம்பனிகளை அங்கே ஏ, ஈ ஃபிளாட் என்று டிரைடோன் தூரத்தில் கூட்டச் சொல்கிறார். அந்த முழவொலி எங்கும் போய்ச் சேராது. 1874இல் சேன்-சான்ஸ் எழுதிய மரண நடனத்தில், தனி வயலினின் ஈ தந்தியை ஈ ஃபிளாட்டுக்கு இறக்கச் சொல்லி, வில்லை வெறும் தந்திகளில் வைத்தவுடனேயே ஏ–ஈ ஃபிளாட் ஒலிக்கும்படி செய்தார். 1970இல் பிளாக் சப்பாத் குழு தன் பெயரையே தாங்கிய பாடலில் ஜி, மேல் ஜி, சி ஷார்ப் என்ற மூன்று சுரங்களை மெதுவாக இழுத்து ஹெவி மெட்டல் என்ற வகைக்கே ஒரு முகத்தைக் கொடுத்தது. பேய்ப்படங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே நம்மைத் தூக்கிவாரிப்போடுவது பெரும்பாலும் இடைவெளி அன்று, திடீரென்று கூடும் ஒலியளவு.

விடையைத் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு லெனர்டு பெர்ன்ஸ்டைனின் வெஸ்ட் சைடு ஸ்டோரி (1957) நல்ல சான்று. அதில் காதலன் "மரியா" என்று பெயரைச் சொல்லும் மூன்று அசைகளும் ச–ம2–ப தான். பயம் ஏதுமில்லை, ஏக்கமும் உடனே ஒரு மலர்ச்சியும் மட்டுமே. எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பளிப்பது பெஞ்சமின் பிரிட்டனின் போர் இரங்கற்பா. 1962இல், போரில் இடிந்த காவென்ட்ரி பேராலயத்துக்குப் பக்கத்தில் எழுந்த புதிய பேராலயத்தின் அர்ப்பணிப்பு விழாவையொட்டி அது அரங்கேறியது. மணிகளும் பாடகர் குழுவும் சி, எஃப் ஷார்ப் என்ற இரண்டு சுரங்களையே பிடித்துக்கொண்டு இறந்தோருக்கு அமைதி வேண்டுகின்றன. கடைசியில் குரல்கள் மட்டும் மிக மென்மையாக எஃப் மேஜருக்கு நழுவுகின்றன. பேராலயத்துக்குள்ளேயே அந்த "சாத்தான்" ஒரு மணி நேரத்துக்கு மேல் குடியிருந்தது. யாரும் எழுந்து தடுக்கவில்லை.

மந்தரஸ்தாயி எழுதியது:

இருவருக்கும் நன்றி. சங்கராபரணத்திலேயே ம1–நி3 ஒரு டிரைடோன் என்றால், இது பிரதி மத்யம இராகங்களுக்கு மட்டும் உரியது அன்று என்று ஆகிறதே. அப்படியானால் இது அறவே இல்லாத மேளகர்த்தா எது?

கட்டபயாதி எழுதியது:

அப்படி ஒன்றுகூட இல்லை. இதை ஐந்து நிமிடத்தில் காகிதத்தில் நிறுவிவிடலாம். ஸ்தாயியின் பன்னிரண்டு இடங்களில் மொத்தம் ஆறே ஆறு டிரைடோன் இணைகள்தான் உண்டு: ச–ம2, ரி1–ப, ரி2–த1, க2–த2, க3–நி2, ம1–நி3. இவற்றில் ரி2 இடமே க1, க2 இடமே ரி3, த2 இடமே நி1, நி2 இடமே த3 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி மத்யம மேளங்கள் 36லும் முதல் இணை தானாகவே இருக்கிறது, அவற்றை விட்டுவிடலாம். சுத்த மத்யம (ம1) மேளங்களில் பஞ்சமம் எப்போதும் உண்டு என்பதால் ரி1 கூடாது. ம1 உண்டு என்பதால் நி3 கூடாது. மிஞ்சும் நிஷாதங்கள் இரண்டு. நி2 என்றால் க3 கூடாது, எனவே க2, அதனுடன் ரி2. ரி2 இருப்பதால் த1 கூடாது, க2 இருப்பதால் த2வும் கூடாது. தைவதத்துக்கு இடமே இல்லை. நி1 என்றால் தைவதம் த1 தான், த1 இருப்பதால் ரி2 கூடாது, நி1 த2வின் இடத்தில் இருப்பதால் ரி3யும் கூடாது, ரிஷபத்துக்கு இடமில்லை. இரண்டு வழிகளும் அடைபட்டுவிட்டன.

ஏழு சுரங்களை விட்டு ஐந்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. மோகனத்தில் (ச ரி2 க3 ப த2) ஓர் இணைகூட இல்லை. அதைக் கிரகபேதம் செய்து, அதாவது அதன் வேறொரு சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டு பாடி, கிடைக்கும் மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி ஆகியவற்றிலும் இல்லை, ஹம்சத்வனியிலும் இல்லை. இப்போது மோகனத்தின் க3ஐ மட்டும் க2 ஆக்கிப் பாருங்கள்: சிவரஞ்சனி. ஒரே ஒரு சுரம் மாறியதில் க2–த2 என்ற டிரைடோன் உள்ளே நுழைந்துவிட்டது. மோகனத்தின் தெளிவுக்கும் சிவரஞ்சனியின் உருக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இது ஒன்றே விளக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு சுரங்களுக்கும் இடையே போய்வரும் பிடிகளில்தான் சிவரஞ்சனியின் உயிர் இருப்பதாக எனக்குப் படுகிறது.

சுருதிப்பெட்டி எழுதியது:

கணக்கு அழகாக இருக்கிறது, நிறுவியவிதத்திலும் குறையில்லை. ஆனால் ஒரு மறுப்பைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். சங்கராபரணத்தின் ம1ஐயும் நி3ஐயும் நாம் ஒருசேர ஒலிப்பதில்லை. ஒவ்வொன்றும் சட்ஜத்தோடு கொண்ட உறவால்தான் நம் காதில் அடையாளம் பெறுகிறது. தாளில் எண்ணி எடுத்த இணைகளையெல்லாம் கேட்கப்படும் உறவுகளாகக் கொள்வது கார்டு இசையின் கண்ணாடியை நம் இசைக்கு மாட்டுவதாகும்.

கட்டபயாதி எழுதியது:

ஒருசேர ஒலிப்பதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் சுரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் வழக்கம் கார்டு இசையிலிருந்து நமக்கு வந்தது அன்று. ஸ்தாயியை இருபத்திரண்டு சுருதிகளாகப் பகுக்கும் பரதரின் நாட்டியசாஸ்திரமே ஒன்பது அல்லது பதின்மூன்று சுருதி தூரத்தில் நிற்கும் சுரங்களைச் சம்வாதி என்றும், இரண்டு சுருதித் தூரத்தில் நிற்பவற்றை விவாதி என்றும், மற்றவற்றை அனுவாதி என்றும் வகுக்கிறது. அதன் சட்ஜ கிராமத்தில் காந்தாரத்துக்கும் தைவதத்துக்கும் இடையே ம 4, ப 4, த 3 என்று பதினோரு சுருதி. அதாவது இருபத்திரண்டில் சரிபாதி. நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே இடைவெளி, சிவரஞ்சனியில் இருக்கும் அதே க–த இணை. பரதர் அதைப் பகையென்று ஒதுக்கவில்லை. அனுவாதிகளோடு சேர்த்துவிட்டு மேலே போய்விடுகிறார். கேள்வி கேட்டவரின் வியப்புக்கு இதுவும் ஒரு விடையாகலாம்: நம் மரபில் இந்த இடைவெளி ஒருபோதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவே இல்லை.

ஆறுதந்தி எழுதியது:

தாமதமாக வருகிறேன், ஜாஸ் கிதார் வாசிப்பவன் என்பதால் ஒரு பயன்பாட்டை மட்டும் சேர்க்கிறேன். டிரைடோன் ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டுவதால், தலைகீழாகத் திருப்பினாலும் டிரைடோனாகவே இருக்கும். எது கீழ்ச்சுரம், எது மேல்சுரம் என்று காதுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1986இல் டயானா டாய்ச் என்ற உளவியலாளர் ஸ்தாயி எதுவென்று தெரியாதபடி உருவாக்கிய ஒலிகளில் இந்த இடைவெளியைக் கேட்கச் செய்தபோது, ஒரே இணையைச் சிலர் ஏறுவதாகவும் சிலர் இறங்குவதாகவும் கேட்டார்கள்.

ஜாஸ் இசைக்கலைஞர்கள் இந்த இரட்டை முகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மேலே சொன்ன ஜி செவன்த்தின் உயிர் ம1–நி3 என்ற இணையில் இருக்கிறது அல்லவா? அதே இணை இன்னொரு செவன்த் கார்டிலும் இருக்கிறது: டி ஃபிளாட் செவன்த், அதாவது ரி1, ம1, த1, நி3. எனவே ஜி செவன்த்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டி ஃபிளாட் செவன்த்தை வைத்தாலும் பாட்டு அதே வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். பேஸ், அதாவது அடிச்சுரம், மட்டும் முந்தைய டி கார்டிலிருந்து டி, டி ஃபிளாட், சி என்று அரைத்தொனிகளில் வழுக்கி இறங்கும். 1940களின் பீபாப் என்ற ஜாஸ் பாணியின் காலத்திலிருந்து இது ஜாஸ் வாசிப்பவரின் அன்றாடக் கருவி.

கர்நாடக இசை கற்றவருக்கு இதில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. ரி1, ம1, த1, நி3 ஆகிய நான்கும் மாயாமாளவகௌளையின் சுரங்கள். அந்த இராகத்தில் மிஞ்சுவது ச, க3, ப: ஒரு மேஜர் கார்டு. முதல் நான்கில் ஒவ்வொன்றும் மற்ற மூன்றில் ஒன்றுக்கு அரைத்தொனி பக்கத்தில் நிற்கிறது. ரி1 சட்ஜத்துக்கும், ம1 காந்தாரத்துக்கும், த1 பஞ்சமத்துக்கும் இறங்க, நி3 மேல் சட்ஜத்துக்கு ஏறுகிறது. சரளி வரிசைக்கு நாம் பாடிய முதல் இராகத்தின் ஏழு சுரங்களும் தவிப்பாகவும் விடையாகவும் மிச்சமின்றிப் பிரிந்துவிடுகின்றன. நண்பர் இடக்கையில் தாழ்ந்த ரி1ஐயும் வலக்கையில் ம1, த1, நி3ஐயும் சேர்த்து அழுத்திச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, எல்லா விரல்களையும் பக்கத்துக் கட்டைகளுக்கு ஒரே சமயத்தில் நகர்த்திப் பார்க்கலாம். நி3 ஏறவும் மற்ற மூன்றும் இறங்கவும் வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.